புற்றடி வளைவு

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குகிறவன் நான்தான். மழை பெய்யாவிட்டால்கூடச் சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெயர் ஞானதாஸ். மானாம்பதியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். விடிந்ததும் ஏரிக்கரைக் கிணற்றில் மோட்டார் போடுவேன். டேங்க் நிரம்பியதும் முதலில் ஊருக்கு ஒரு மணி நேரம் வால்வைத் திறப்பேன், பிறகு காலனிக்கு ஒரு மணி நேரம். பத்தொன்பது வருடமாக இதே வேலை, இதே வரிசை. வரிசையை யார் வைத்தது என்று கேட்காதீர்கள். நான் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான் இருந்தது.

போன கார்த்திகையிலிருந்து டேங்க் நிரம்பவில்லை. மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினாலும் பாதிதான் ஏறும். நான் காலனிக்காரன் என்பதால் காலனிக்குத் திருப்பிவிடுகிறேன் என்று ஊரில் பேசினார்கள். நான் பயந்தாங்கொள்ளி என்பதால் ஊருக்குத் திருப்பிவிடுகிறேன் என்று காலனியில் பேசினார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் என்னைத் திட்டுவதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் திட்டறாங்கன்னா நீ ஒய்ங்காத்தான் வேலை பண்ணிக்கினு கீற. கம்முனு சாப்புடு" என்றாள் என் மனைவி பாக்கியமேரி. அவளுக்கு எல்லாம் லேசு.

கிணற்றிலிருந்து டேங்க் வரை அறுநூற்று இருபது மீட்டர் குழாய். ஆறங்குல பிளாஸ்டிக் குழாய், நாலடி ஆழத்தில் புதைத்தது. அதற்குள் எங்கேயோ அடைப்பு. எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. இடம் தெரிந்தால் ஒரே நாளில் சரி செய்துவிடலாம், தெரியாவிட்டால் இந்த லைனையே கைவிட்டதாக எழுதிவிட வேண்டியதுதான் என்று ஒன்றிய அலுவலக இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார். அப்படி எழுதினால் புது லைனுக்கு மனு, மதிப்பீடு, அனுமதி என்று இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அதுவரை லாரித் தண்ணீர். லாரி வந்தால் யார் குடம் முன்னால் நிற்கும், யார் குடம் பின்னால் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன!

தோண்டித் தோண்டிப் பார்க்கவும் வழியில்லை. குழாய் போவது முழுக்க ராஜாராம் நிலத்தின் ஓரம். அவருக்கு அறுபது வயது இருக்கும், பரம்பரையாகப் பயிர் செய்கிற குடும்பம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நவரைப் பயிர் பால் பிடித்து நிற்கிற நேரத்தில் எவன் வந்து கேட்டாலும் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஒரே ஒரு குழி, ஞானதாசு. எடத்தக் காட்டிட்டு நோண்டு. தேடிப் பாக்கறேன், துழாவிப் பாக்கறேன்னு வந்தியானா வரப்புல காலு வைக்க வுட மாட்டேன்."

ஒரே குழி. அது தப்பான இடத்தில் விழுந்தால் கதை முடிந்தது.

அப்போதுதான் பிரபா வந்தாள். ராஜகுளத்தில் ஒரு ஷெட் போட்டு, குழாய்க்குள் போய்ப் பார்க்கிற ரோபோ செய்கிற பெண். முப்பது வயதுகூட இருக்காது. ஒரகடத்துக் கார் கம்பெனியில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாள். எங்கள் குழாயில் சோதனை ஓட்டம் நடத்திக் காட்டச் சொல்லி ஒன்றிய அலுவலகம் அனுப்பியிருந்தது. தண்ணீர்க் குழாயில் அவள் மெஷின் இறங்குவது இதுதான் முதல் முறை. இதில் தேறினால் மற்ற ஊர்களுக்கும் கூப்பிடுவார்கள். தேறாவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

மோட்டார் அறை நிழலில் பெட்டியைத் திறந்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு உருளை. முன்னால் மூன்று கால், பின்னால் மூன்று கால், ஒவ்வொரு காலிலும் ஒரு சக்கரம். கால்கள் எல்லாப் பக்கமும் விரிந்து குழாய்ச் சுவரை அழுத்திக்கொள்ளும். முகத்தில் ஒரு கேமரா, அதைச் சுற்றி வட்டமாகக் குட்டிக் குட்டி விளக்குகள். பின்னால் வால் மாதிரி நீளமாக ஒரு ஒயர். நான் கையில் வாங்கி ஒரு காலை அழுத்தினேன். விட்டதும் துள்ளிக்கொண்டு விரிந்தது.

"இது நாங்க ஒறக்கெணத்துல எறங்கற மாதிரியே கீதும்மா. முதுகு ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் அமுக்கிக்கினு."

பிரபா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அங்க இருந்துதாண்ணே எடுத்தேன். மொதல்ல மிலிட்டரி டேங்க் மாதிரி பெல்ட்டு வச்சி செஞ்சேன். பாசியில வழுக்கிக் குப்புற வுழுந்துச்சி. ரெண்டாவது தண்ணி பூந்து செத்துப்போச்சி. மூணாவது சின்ன மேடு வந்தாலே அழுதுச்சி. எங்க ஊர்ல ஒருத்தர் ஒறக்கெணறு தூர் வார எறங்கனாரு. மேல நின்னு பாத்துக்கினே இருந்தேன். அன்னிக்கே வூட்டுக்குப் போயி இதை வரைஞ்சிட்டேன்."

எங்கள் ஆட்கள் கிணற்றில் இறங்குவதைப் பார்த்து ஒரு பெண் மெஷின் வரைந்திருக்கிறாள்! எனக்கு அதுவே பெரிய சங்கதியாக இருந்தது.

அவள் அலுவலகத்து வரைபடத்தை விரித்தாள். கிணறு ஒரு புள்ளி, டேங்க் ஒரு புள்ளி, நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.

"லைன் நேராத்தான் போவுதாண்ணே? எங்கியாச்சும் வளையுதா?"

"நேராத்தாம்மா போவுது. இந்த நேர்ப்பாதை அடியிலயேதான். இங்க நின்னா டேங்கே தெரியுது பாரு."

"நல்லா தெரியுமா? ஏன் கேக்கறேன்னா, நேரா இருந்தா எங்க சிக்கினாலும் இந்த ஒயரைப் புடிச்சி இழுத்துடலாம். வளைவு இருந்தா இழுக்க முடியாது. ஒயரு மூலையில அமுங்கி, மெஷின் இன்னும் இறுகிடும்."

"நேருதாம்மா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

ராஜாராம் மோட்டார் அறைப் படியில் வந்து உட்கார்ந்தார். அவர் நிலத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமே. பாக்கியமேரி ஒரு குடத்தில் தண்ணீரும் ஒரு சொம்பும் கொண்டுவந்தாள். அவளுடைய வலது உள்ளங்கையில் பளபளவென்று பழைய தீத்தழும்பு ஒன்று உண்டு. சொம்பை நீட்டும்போது அது தெரியும். பிரபா வாங்கி மடமடவென்று இரண்டு சொம்பு குடித்தாள். ராஜாராமைப் பார்த்துப் பாக்கியமேரி சொம்பைத் தூக்கியதும் அவர் கையை லேசாக ஆட்டி, மடியிலிருந்த பாட்டிலைக் காட்டினார். அவள் நகர்ந்துவிட்டாள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அவள் அவர் நிலத்தில் நாற்று நடுகிறவள், களை எடுக்கிறவள். அவள் அறுத்த நெல்லின் சோறு அவர் வீட்டில் வேகும். அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் அவருக்கு இறங்காது. எனக்குக் கோபம் வரும். எரிச்சலை வைத்துக்கொண்டு வால்வைத் திருகப் போய்விடுவேன்.

வால்வுப் பக்கத்தில் குழாயைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டோம். பிரபா மெஷினைக் குழாய் வாயில் வைத்தாள். ஆறு காலும் மடங்கி, உள்ளே போய், டப்பென்று விரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டன. லேப்டாப் திரையில் வெளிச்சம் வந்தது.

பத்தொன்பது வருடமாக இந்தக் குழாய்க்குள் தண்ணீர் அனுப்புகிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். வட்டமான ஒரு வழி, முடிவே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. சுவரெல்லாம் காவி நிறத்தில் உப்புப் படிந்து, அதில் தண்ணீர் ஓடிய தடம் வரிவரியாக இருந்தது. அடியில் மெல்லிய மணல், பாலாற்றில் தண்ணீர் வடிந்த பிறகு கிடக்குமே, அதே மாதிரி சின்னச் சின்ன அலையாக. வடியாமல் தேங்கிய நீரில் விளக்குகள் தலைகீழாகத் தெரிந்தன. நாங்கள் குடத்தில் பிடித்துக் கொட்டுகிற தண்ணீர் நாலடிக்குக் கீழே யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு அழகாகக் கோலம் போட்டு வைத்திருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராஜாராம்கூடப் படியை விட்டு எழுந்து வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"இது நெசமாவே என் நெலத்துக்கு அடியில கீதா?" என்றார்.

பிரபா என் கையில் ஒரு கருவியைக் கொடுத்தாள். மண்வெட்டிக் காம்பில் ரேடியோவைக் கட்டியது போல இருந்தது. பாதை மேல் அதை ஆட்டிக்கொண்டே நடந்தால், அடியில் மெஷின் இருக்கிற இடத்தில் சத்தம் ஏறும். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். அது கீழே ஊர்ந்தது, நான் மேலே நடந்தேன். நான் நின்றால் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போகும். எட்டு வைத்துப் பிடிப்பேன். இரண்டு பக்கமும் நெற்கதிர், வெயில், கொக்கு. என் செருப்புக்கு நாலடி கீழே ஒரு விளக்கு இருட்டில் போய்க்கொண்டிருக்கிறது என்பதை நினைக்க நினைக்க, பாதத்தை அழுத்தி வைக்கவே பயமாக இருந்தது. பையிலிருந்து பிரபா குரல், "நூறு... எரநூறு... முந்நூத்தம்பது. சுத்தமா கீதுண்ணே, இன்னும் ஒண்ணும் இல்ல."

நானூற்று முப்பது என்றபோது நான் புற்றடிக்கு வந்திருந்தேன். ஆள் உயரப் புற்று. பக்கத்தில் ஒரு வேம்பு. வெள்ளிக்கிழமையானால் ஊர்ப் பெண்கள் பால் ஊற்றி மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். வழக்கம்போல் நான் சுற்றிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். மாட்டு வண்டி, டிராக்டர், சைக்கிள், எதுவாக இருந்தாலும் புற்றைச் சுற்றித்தான் போகும். சத்தமும் என்னோடு சுற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, படம் சாயுது. ஒரு பக்கத்துச் சுவரு நெருங்கி வருது. இங்க வளையுதா?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். வந்த பாதை, புற்று, போகிற பாதை. பிறந்ததிலிருந்து நடக்கிற வழி. அதை நேர்ப்பாதை என்றுதான் சொல்வோம். அது வளைகிறது என்பது அந்த நிமிஷம்வரை என் மூளையில் ஏறியதே இல்லை. புற்று இருந்தால் சுற்றித்தானே போவார்கள். அதை யாராவது வளைவு என்று கணக்கில் எடுப்பார்களா?

அதைவிடக் கேவலம், அந்த வளைவைச் செய்ததே நாங்கள்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் குழாய் போட்டபோது நானும் பாக்கியமேரியும் கூலிக்கு வந்தோம், கல்யாணமாகி நாலு மாதம். கான்ட்ராக்டர் ஆள் புற்றை இடித்துவிட்டு நேராகப் போகச் சொன்னான். கடப்பாரை எடுக்க ஒருவரும் வரவில்லை. வேதக்காரனான நானும்தான் எடுக்கவில்லை. சரி, வளைத்துப் போடலாம் என்றால், உத்திரமேரூர்க் கடைகளில் அந்த அளவுக்கு வளைவுத் துண்டு கிடைக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த வழியில் செய்தோம். குழாய்க்குள் மணலைக் கெட்டியாக நிரப்பி, இரண்டு வாயையும் கோணியால் அடைத்து, வைக்கோலைக் கொளுத்தி, அந்த நெருப்பில் காட்டி இளகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தோம். அன்றுதான் பாக்கியமேரி கையைச் சுட்டுக்கொண்டது. அலுவலக வரைபடத்தில் மட்டும் கோடு நேராகவே நின்றுவிட்டது.

"ஆமாம்மா, வளைவுதான்" என்றேன்.

"இன்னாண்ணே சொல்றீங்க? நானூத்தி முப்பத்தெட்டு. எதோ மேடு மேடா... அய்யோ!"

மோட்டார் முனகுகிற சத்தம் போனில் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரமும் ஓடினேன். பிரபா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் கால்கள் மேட்டைத் தாண்டிவிட்டன. பின் கால் ஒன்று எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னால் போக முயன்றால் இறுகுகிறது, பின்னால் வந்தாலும் இறுகுகிறது. இழுக்கலாம் என்றால் வளைவு. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ராஜாராம் இருந்தார்.

"யோவ், பாதித் தண்ணியாச்சும் வந்துகினு இருந்துது. இப்ப குழாயில கட்டையப் போட்டு அடைச்சிட்டீங்களா? உன் வாயில நேரு, நேருன்னு வந்துதே, இத்தினி வருசம் புத்தச் சுத்திக்கினுதானே போற?"

"நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க? நேருன்னு சொன்னப்ப ஒண்ணும் சொல்லல?"

அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது.

"சண்டை வேணாம்" என்றாள் பிரபா. "எது மாட்டிக்கினு கீதுன்னு தெரிஞ்சா போதும். சக்கரத்தைச் சாய்ச்சா மெஷினு குழாய்க்குள்ளயே உருண்டு திரும்பும். மேல திருப்பறதா, கீழ திருப்பறதா? தப்பாத் திருப்பினா அவ்ளோதான். கேமரா முன்னால கீது, பின்னால ஒண்ணும் தெரியல. பின்னால ஒரு கேமரா வைக்கலாம்னு நெனச்சி, எடை ஏறுதுன்னு வுட்டுட்டேன்."

மெஷின் அந்த இடத்தைத் தாண்டும் முன் பதிவான படத்தைத் திரும்ப ஓட்டினாள். சுவரில் உள்பக்கமாக நாலைந்து மேடு. பக்கத்தில் பக்கத்தில் நீள நீளமாக. "உப்புக் கட்டியா? பிளாஸ்டிக் வெந்துபோயி இப்படி ஆயிருக்குமா?" என்று தனக்குள் பேசிக்கொண்டாள். மறுபடி ஓட்டினாள். மறுபடியும்.

குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்த பாக்கியமேரி எங்கள் பின்னால் வந்து நின்றாள்.

"பாப்பா, அப்பிடியே நிறுத்து" என்றாள்.

படம் நின்றது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்து, வலது கையைத் திரைக்கு நேராக நீட்டினாள். சின்ன விரல் கொஞ்சம் கோணலாக விலகி நிற்கும் அவளுக்கு, பிறவியிலேயே. திரையில் கடைசி மேடும் அதே கோணலில் விலகி நின்றது.

"இது என் கை" என்றாள்.

வெளியே அமுக்கிய விரல்கள் உள்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றன. உள்ளங்கையின் அடிமேடு, விரல் கணுக்கள், எல்லாம். மேலே காவி உப்பு பூசியிருந்தது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கை மண்ணுக்கு அடியில் இருட்டில் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது பிரபாவின் மெஷினையும் பிடித்துக்கொண்டது.

"ஒரு பக்கம் கோணி அவுந்து மணலு சரிஞ்சிடுச்சி, பாப்பா. குழாய் நசுங்கறாப்புல போச்சி. நசுங்கினா அவ்ளோதான், வேற குழாய் இல்ல. இவரு அந்தாண்ட வைக்கோலு தள்ளிக்கினு இருந்தாரு. ஈரச் சாக்கு எடுக்க நேரமில்ல. வெறுங்கையால புடிச்சி நிறுத்திட்டேன். ஆறுற வரைக்கும் வுடல."

எனக்கு இது தெரியாது. கொள்ளியில் சுட்டுக்கொண்டாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. ராஜாராம் இருந்ததால் மூக்கைச் சிந்துவது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிரபா அவள் பக்கம் திரும்பினாள். "அக்கா, நல்லா யோசிச்சி சொல்லுங்க. எந்தப் பக்கமா நின்னீங்க? கட்டை விரலு எங்க இருந்துச்சி? படத்துல அது நெழல்ல மறைஞ்சிருக்கு."

பாக்கியமேரி யோசிக்கவே இல்லை. ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றாள். காற்றில் இல்லாத குழாய் ஒன்றைப் பிடித்தாள். "ஏரிப் பக்கம் நின்னேன். உள்ளங்கை ஏரிப் பக்கம். கட்டை வெரலு மேல. நாலு வெரலும் அடியில. அப்பிடியேதான் பள்ளத்துல எறக்கினாங்க."

"அப்ப கட்டை விரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல காலு மாட்டிக்கினு கீது. கீழ திருப்பினா நாலு விரலும் தடுக்கும். மேல திருப்பினா ஒரே விரலுதான்." அவள் சக்கரங்களைச் சாய்த்தாள். "மேல போறேன்."

திரையில் உலகம் மெல்ல உருண்டது. அடியில் கிடந்த மணல் பக்கச் சுவருக்கு ஏறியது. மோட்டார் முனகியது. ஒரு முறை, இரண்டு முறை. பாக்கியமேரி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டக்கென்று ஒரு சத்தம், படம் ஒரு குலுக்குக் குலுக்கியது, பிறகு வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. அந்தக் கை இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நின்று மெஷினை அனுப்பிவிட்டது.

மூன்று மீட்டர் போயிருக்கும். பிரபா மெஷினை நிறுத்திவிட்டு விசையிலிருந்து கையை எடுத்தாள்.

குழாய் முழுக்க வெள்ளை. சுவர் தெரியவில்லை, வழி தெரியவில்லை. வேர். கட்டை வேர் இல்லை, மயிரைவிட மெல்லிய வேர், லட்சம் லட்சமாக. ஓர் இணைப்பின் இடுக்கில் ஒரே ஒரு நூலாக நுழைந்து, தண்ணீர் போன திசையிலேயே வளர்ந்து, வாரிவிட்ட கூந்தலாக நீண்டு கிடந்தது. ஒவ்வொரு நுனியிலும் ஒரு சொட்டு நீர், ஒவ்வொரு சொட்டிலும் மெஷினின் விளக்கு. கோயில் திருவிழாவில்கூட நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. என் தண்ணீரைத் திருடிய திருடன் அது. நான்கு மாதம் எனக்கு வசவு வாங்கிக் கொடுத்தது. கோபம் வரவில்லை. கும்பிடத் தோன்றியது.

"வேம்பு" என்றார் ராஜாராம், மெதுவாக. "கோடையில எல்லா மரமும் காயும், இது மட்டும் பச்சையா கீதேன்னு பாப்பேன்."

நான் கருவியோடு மறுபடி ஓடினேன். வேம்புக்கு இந்தப் பக்கம், புற்றிலிருந்து ஆறு தப்படி தள்ளி, சத்தம் உச்சத்துக்குப் போன இடத்தில் ஒரு எருக்கங்குச்சியை நட்டேன். ராஜாராம் அதைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரே குழி" என்றார்.

"ஒரே குழிதான்."

நானும் இரண்டு ஆட்களுமாகத் தோண்டினோம். மூன்றடியில் ஈரம் கண்டது. நாலாவது அடியில் குழாய். ரம்பம் போட்டு அறுத்து, மேல்பாதியைப் பெயர்த்தபோது குழிக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. மண்ணுக்கு அடியில், வெள்ளை வேருக்கு நடுவே, பிரபாவின் மெஷின் விளக்கு எரிந்துகொண்டு நின்றது. அவள் குழிக்குள் இறங்கி, சேறு படிந்த அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தாள். சட்டை முழுக்க ஈரம். அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வேரைப் பிடுங்கிப் பார்த்தோம், ஒன்றே முக்கால் ஆள் நீளம் வந்தது.

புதுத் துண்டு வைத்து ஒட்டி, பசை காய விட்டு, மறுநாள் காலை மோட்டார் போட்டேன். இரண்டரை மணி நேரத்தில் டேங்க் வழிந்தது. வழிகிற சத்தம் கேட்டு ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பிரபாவும் வந்திருந்தாள். வரைபடத்தில் நேர்க்கோட்டை அடித்துவிட்டு, புற்றைச் சுற்றி வளைத்து வரைந்து, கை இருக்கிற இடத்தில் ஒரு குறி போட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும் நேரா வளைவா என்று கேட்க மாட்டாளாம். முதலில் அந்த ஊர்க்காரரோடு ஒரு நடை நடந்துவிடுவாளாம்.

டேங்க் காலடியில் ஒரு குழாய் உண்டு. ராஜாராம் அதைத் திறந்து, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். நிறையத் தண்ணீர் விழுந்தது. வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிங்க, நல்லா குடிங்க" என்றாள் பாக்கியமேரி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டடி தள்ளி நின்றிருந்தாள். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "இருபத்திரண்டு வருசமா என் கையத் தொட்டுட்டுத்தான் உங்களுக்கு வந்துகினு கீது."

ராஜாராம் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். விரல் இடுக்கு வழியாக அந்தத் தண்ணீர் முழுக்க ஒழுகிப் போனது. ஊர்க்காரர்கள் அவரையே பார்த்தார்கள். பிரபா பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவர் மூடவும் இல்லை.

பிறகு மறுபடி ஏந்தினார். இந்த முறை குடித்தார். நின்று, நிதானமாக, கை காலியாகும்வரை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பாதையில் இறங்கி நடந்தார்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு வால்வுக்குப் போனேன். அன்று முதலில் காலனி வால்வைத் திறந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.